வேலை நிறுத்தம் முடிந்த மறுநாள்

1974ஆம் வருஷம் மே மாதம் 8ஆம் தேதி இந்திய தேசம் முழுவதிலும் ரெயில்வே தொழிலாளர் வேலையை நிறுத்தினர். சுமார் பதினேழு லட்சம் பேர் சம்பந்தப்பட்ட அவ்வேலை நிறுத்தம் இருபது நாள் நடைபெற்றது. உலகத் தொழிலாளர் சரித்திரத்தில் அதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்கவை மிகச் சிலவே. மே 27ஆம் தேதி, சர்க்காரிடமிருந்து யாதொரு வாக்குறுதியும் பெறாமலே, போராட்டக் குழுவினர் அதை வாபஸ் பெற்றனர். அந்த இருபது நாட்களைப் பற்றி மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம். ஆண்டு தோறும் நினைவு கூறுகிறோம். இருபத்தொன்றாம் நாள் என்ன நடந்தது என்று கேட்பவர் அரியர். அதைக் கேட்கவே இன்று எழுதப் புகுந்தோம்.

நமது பெரும்பாக்கத்திற்கு ரெயில் நிலையம் இல்லை. ரெயிலேற வேண்டுமானால் தாம்பரத்திற்கோ வேளச்சேரிக்கோ போக வேண்டும். அவ்வாறிருக்க, ரெயில்வேக்காரர் வழக்கு நமக்கு எதற்கு என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். பெரும்பாக்கத்து அடுக்கு வீடுகளில் வாழ்வோர் பெரும்பாலார் கூவக் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடியிருந்து, அங்கிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்து வைக்கப்பட்டவர். வீட்டைக் காலி செய் என்ற உத்தரவு ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்பதை அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. பொழுது விடியுமுன் பஸ் ஏறிச் சென்று கட்டடங்களைப் பெருக்கியும், வாயில் காத்தும், காண்டிராக்டர் கையில் கூலி பெறும் அவர்களுக்கு, நாளை வேலை உண்டா இல்லையா என்ற ஐயம் இன்னதென்பதும் தெரியும். 1974இல் தோற்ற தொழிலாளிக்கு நேர்ந்தவை இவ்விரண்டுமே: வீடு போயிற்று, வேலை போயிற்று. ஆகவே இவ்வழக்கு நம்முடையதுமாகும்.

முதலில் கோரிக்கைகளைக் காண்போம். பொதுத்துறைத் தொழிற்சாலைகளில் கிடைக்கும் சம்பளத்திற்கு ஒத்த சம்பளம், இன்ஜின் ஓட்டுவோர்க்கு எட்டு மணி நேர வேலை, போனஸ், விலைவாசிக்கேற்ற பஞ்சப்படி, தினக்கூலிகளை நிரந்தரமாக்குதல், மலிவு விலையில் உணவு தானியம் — இவையே அவற்றுள் முக்கியமானவை. மூன்றாவது சம்பளக் கமிஷன் சிபார்சு செய்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 185 ரூபாய். சர்க்கார் அதை 196 ஆக்கினர். அதே காலத்தில் விலைவாசியோ ஓராண்டில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் ஏறிற்று. 1965ஆம் வருஷத்துப் போனஸ் சட்டம் தனியார் ஆலைத் தொழிலாளிக்குப் போனஸைச் சட்ட உரிமையாக்கியது; சர்க்காரின் இலாகாவாக நடக்கும் ரெயில்வேயை விலக்கி வைத்தது. இவற்றில் எதை அடாத கோரிக்கை என்று சொல்ல முடியும்?

பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, மே 2ஆம் தேதி, போராட்டக் குழுவின் அமைப்பாளரான ஜார்ஜ் பெர்னாண்டஸ் லக்னோவில் கைது செய்யப்பட்டார். அவரைத் தொடர்ந்து நாடெங்கும் ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டனர். அந்நியப் படையெடுப்பைத் தடுக்க என்று இயற்றிய இந்தியப் பாதுகாப்பு விதிகளும், விசாரணையின்றி அடைத்து வைக்கும் மிசாச் சட்டமும் பாயிண்ட்ஸ்மேன் மீதும் பயர்மேன் மீதும் பாய்ந்தன. பிரதேச சேனையைக் கொண்டு வண்டிகள் ஓட்டப்பட்டன. மே 18ஆம் தேதி போக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தது. பத்திரிகைகளின் தலைப்புக்கள் மாறின. சிறையிலிருந்தவர்களையும், வாடகை வீடு தேடி அலைந்தவர்களையும் தேசம் அரைக் கண்ணால் பார்த்தது.

வேலை நிறுத்தம் வாபஸாயிற்று. அதன் பின்னர் வந்த தண்டனை ஒரே தன்மையதன்று. மூன்று படியாக வந்தது. இதை வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம்.

முதற்படி நிரந்தர ஊழியர். இவர்களுள் ஆயிரக்கணக்கானோர் நீக்கப்பட்டனர், அல்லது வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்டனர். மற்றையோர்க்குச் 'சர்வீஸ் முறிவு' என்ற தண்டம் வந்தது. பல்லாண்டு உழைத்துச் சேர்த்த சேவைக் காலம் மே 8ஆம் தேதியோடு அறுந்துவிட்டதாகக் கொள்வதே அதன் பொருள். வேலையில் இருப்பான், ஆனால் முந்திய உழைப்பு கணக்கில் வராது. வேலைக்கு வந்த 'விசுவாசிகளுக்கோ' சம்பள உயர்வும், பிள்ளைகளுக்கு உத்தியோகமும் சன்மானமாகக் கிடைத்தன. ஒரே காலனியில் அடுத்தடுத்த வீடுகளில் இவ்விருவரும் குடியிருக்க வேண்டியவர்கள் என்பதை அதிகாரிகள் அறியாதவரல்லர்.

இரண்டாம் படி தற்காலிக ஊழியர். நிரந்தர ஊழியனை வெறும் நோட்டீஸ் கொடுத்து நீக்கலாம் என்றிருந்த ரெயில்வே விதியை, மோதிராம் டேகா வழக்கில் 1963இல் சுப்ரீம் கோர்ட்டு செல்லாதென்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் நிழல் தற்காலிக ஊழியன்மீது விழவில்லை. அவனுக்கு நோட்டீஸே போதும்.

மூன்றாம் படி தினக்கூலி. அவனுக்கு நோட்டீஸும் வேண்டா. மறுநாள் காலை மஸ்டர் ரோலில் அவன் பெயரை எழுதாவிட்டால் முடிந்தது. நீக்கினோம் என்று ஒரு காகிதமும் இராது. ஆகவே மேல்முறையீடு செய்ய அவன் கையில் எதுவும் இராது. தண்டவாளத்தில் ஜல்லி கொட்டியவனும், பாலத்துக்கு மண் சுமந்தவனும், பத்தாண்டு உழைத்தும் 'காஷுவல்' என்றே அழைக்கப்பட்டவனும் இவ்வாறு சத்தமின்றி மறைந்தனர். எந்தக் கோரிக்கைப் பட்டியலில் அவனை நிரந்தரமாக்க வேண்டும் என்று எழுதப்பட்டதோ, அந்தப் பட்டியலுக்காகவே அவன் முதலில் வேலை இழந்தான்.

சட்டம் பயின்றவர் என்ற முறையில் ஒன்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவு, விசாரணையின்றிச் சர்க்கார் ஊழியரை நீக்கலாகாது என்று கூறுகிறது. அதற்கு ஒரு விலக்கும் வைத்திருக்கிறது: விசாரணை நடத்துவது நியாயமாகச் சாத்தியமில்லை என்று அதிகாரி கருதி, காரணத்தை எழுதி வைத்தால், விசாரணையின்றியே நீக்கலாம். 1968ஆம் வருஷத்து ரெயில்வே ஒழுங்கு விதிகளில் 14ஆவது விதியின் இரண்டாம் உட்பிரிவு இதையே சொல்கிறது. விலக்கு என்பது அபூர்வமான சமயத்துக்கு உரியது. வெள்ளத்தில் அகப்பட்டவன் கதவை உடைத்துத் தப்பலாம் என்றால், கதவை உடைப்பது வீட்டு வழக்கம் என்று ஆகாது. ஆனால் ரெயில்வேயில் வேலை நிறுத்தம் என்றதும் அதிகாரிகள் கை தேடுவது இந்த விதியையே. இத்தகைய நீக்கங்கள் பற்றிய துளசிராம் படேல் முதலிய வழக்குகளில், 1985 ஜூலையில், சுப்ரீம் கோர்ட்டு அவ்வதிகாரத்தை நிலைநிறுத்திவிட்டது. அதிகாரம் உண்டு என்பது தீர்ப்பு. அதை மொத்த மொத்தமாகப் பிரயோகிப்பது தர்மமா என்பது தேசம் தீர்க்க வேண்டிய விஷயம்.

கோர்ட்டுகளே மற்றொரு வழியையும் காட்டியிருக்கின்றன. குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: வேலை நிறுத்தம் சட்ட விரோதமானது என்பது கொண்டு மட்டும் அதில் சேர்ந்த ஒவ்வொருவனையும் நீக்கிவிட முடியாது, பலாத்காரம் செய்தவன் வேறு, சும்மா வீட்டில் இருந்தவன் வேறு, எவன் எதைச் செய்தான் என்று தனித்தனியே விசாரித்தறிய வேண்டும். கொலைக் குற்றவாளிக்கும் கிடைக்கும் இந்த நியாயத்தைப் பாயிண்ட்ஸ்மேனுக்கு மறுப்பது எவ்வாறு?

தண்டனை ரெயில்வேயோடு நிற்கவுமில்லை. வேலை நிறுத்தம் முடிந்து ஆறு வாரத்திற்குள், 1974 ஜூலையில், அவசரச் சட்டம் ஒன்று பிறந்தது. சம்பளத்தில் ஏறிய தொகை முழுவதையும், புதிதாக ஏறிய பஞ்சப்படியில் பாதியையும் கட்டாய டிபாசிட்டாகப் பிடித்து வைக்க அது வழி செய்தது. பணவீக்கத்தைத் தணிக்க என்று காரணம் கூறப்பட்டது. மறு வருஷம் ஜூன் 25ஆம் தேதி நெருக்கடி நிலை வந்தது. அதன் மூன்றாம் மாதத்தில் குறைந்தபட்சப் போனஸ் நூற்றுக்கு எட்டேகாலுக்கும் சற்று மேலாக இருந்தது நான்காகக் குறைக்கப்பட்டது. இவை யாவும் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தன என்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் 1974 மே மாதத்தில் ரெயில்வே காலனிகளில் பழகிய கை, 1975இல் தேசத்தின் கழுத்தைப் பிடித்தபோது தயங்கவில்லை. தொழிலாளி அடிபட்டபோது வேடிக்கை பார்த்த படித்த வகுப்பார் பதின்மூன்று மாதம் கழித்துத் தாமும் வாய் திறக்க முடியாதவராயினர்.

பின்னர் காலம் மாறிற்று. 1977இல் ஜனதா மந்திரிசபை ஏற்பட்டது. சிறையிலிருந்தே தேர்தலில் வென்ற பெர்னாண்டஸ் மந்திரியானார். ரெயில்வே மந்திரி மது தண்டவதே, வேலை நிறுத்தத்திற்காக நீக்கப்பட்டவர்களை மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டார். சர்வீஸ் முறிவுகள் மன்னிக்கப்பட்டன. 1979இல், சரண்சிங் சர்க்கார் காலத்தில், உற்பத்தியோடு இணைந்த போனஸ் ரெயில்வே ஊழியர்க்குக் கிடைத்தது. அண்மை ஆண்டுகளில் ஆயுத பூஜையை ஒட்டி 78 நாள் சம்பளம் போனஸாக அறிவிக்கப்படுகிறது. உச்ச வரம்பின்படி அது ஒருவருக்கு 17,951 ரூபாய். தாம்பரத்துக் கடைத்தெருவில் அப்பணம் புழங்குவதை வாசகர் கண்டிருப்பர். அது 1974ஆம் வருஷத்துத் தோல்வி ஈன்ற பிள்ளை. அன்று ஒப்ப மறுத்ததை ஐந்தாண்டில் சர்க்காரே கொடுத்தனர், தேசம் திவாலாகிவிடவில்லை.

ஆனால் மூன்றாம் படியில் நின்றவன்? பெயரே எழுதப்படாதவனை எந்த ரிஜிஸ்தரைப் பார்த்துத் திரும்ப அழைப்பது? திட்ட வேலைகளில் பல்லாண்டு உழைத்த தினக்கூலிகளுக்குத் தற்காலிக ஊழியர் என்ற அந்தஸ்தேனும் தர ஒரு திட்டம் ஏற்படுவதற்கு, 1985இல் இந்தர்பால் யாதவ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தலையிட வேண்டியதாயிற்று. வேலை நிறுத்தம் முடிந்து பதினோராண்டு சென்ற பின்னரே அது வந்தது. அதற்குள் ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் பள்ளியை விட்டிருப்பார்கள்; பெண்டிரின் காதணி அடகுக் கடையில் மூழ்கியிருக்கும். இன்று 'காஷுவல்' என்ற பெயர் மறைந்து 'காண்டிராக்ட்' என்ற பெயர் வந்திருக்கிறது. வண்டியைக் கழுவுபவனும் பிளாட்பாரத்தைப் பெருக்குபவளும் ரெயில்வேயின் ஊழியர் அல்லர், காண்டிராக்டரின் ஆட்கள். 78 நாள் போனஸ் அவர்கள் வாசலுக்கு வருவதில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்பது வக்கீல் மரபு. நிலக்கரியும் அரிசியும் ரெயிலில் போகின்றன. ரெயில் நின்றால் மின்சார நிலையம் நிற்கும், ரேஷன் கடை காலியாகும், ஏழையே முதலில் வாடுவான். ஆகவே சர்க்கார் கடுமை காட்டியது சரியே என்பர். முற்பாதியை ஒப்புகிறோம். சர்க்கார் வண்டிகளை ஓட்ட முயன்றதை நாம் குறை கூறவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்தவன் இருந்தால் அவனைத் தண்டிப்பதையும் ஆட்சேபிக்கவில்லை. நமது கேள்வி வேறு. மே 28ஆம் தேதி வண்டிகள் ஓடத் தொடங்கின. அதன்பின் ஒருவன் குடும்பத்தைத் தெருவில் வைத்ததால் எந்த மின்சார நிலையத்துக்கு ஒரு கூடை நிலக்கரி மிகுதியாகப் போயிற்று? வேலை நிறுத்தம் நடக்கும்போது காட்டும் கடுமைக்கு அவசியம் என்று ஒரு பெயர் சொல்லலாம். முடிந்த பின் காட்டும் கடுமைக்குப் பழி என்பதன்றி வேறு பெயர் இல்லை.

இந்நோய் நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. 1926 மே மாதம் பிரிட்டனில் ஒன்பது நாள் நடந்த பொது வேலை நிறுத்தம் தோற்றது. மறு வருஷமே அனுதாப வேலை நிறுத்தங்களைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதை நீக்கத் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்து 1946 வரை காத்திருக்க நேர்ந்தது. 1981இல் அமெரிக்காவில் ஜனாதிபதி ரீகன் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியரை ஒரே அடியாக நீக்கினார். அவர்கள் அவ்வேலைக்கு மீள முடியாதென்ற தடை 1993இல்தான் அகன்றது. வென்றவர் ஒரு நாளில் எழுதும் உத்தரவை அழிக்க ஒரு தலைமுறை வேண்டியிருக்கிறது.

நம் மாகாணத்துக் கதையும் இதுவே. 1928இல் தென்னிந்திய ரெயில்வேயில் தொழிற்சாலைகளைப் பொன்மலைக்கு மாற்றி ஆட்குறைப்புச் செய்ததை எதிர்த்து வேலை நிறுத்தம் நடந்தது. சிங்காரவேலர் தண்டனை பெற்றுச் சிறை புகுந்தார். 1946 செப்டம்பர் 5ஆம் தேதி பொன்மலையில் துப்பாக்கிக் குண்டுக்கு ஐந்து தொழிலாளர் பலியாயினர். அது அந்நிய ஆட்சி என்று சொல்லி ஆறுதலடையலாம். சுதந்திரம் பெற்று ஐம்பத்தாறு ஆண்டு சென்ற பின், 2003 ஜூலையில், தமிழ் நாட்டு அரசு ஊழியர் ஏறத்தாழ 1,70,000 பேர் ஓர் அவசரச் சட்டத்தின் பேனா முனையில் வேலையிழந்தனரே, அதற்கு என்ன சமாதானம்? மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தே பெரும்பாலார் திரும்பினர். அவ்வழக்கில் ஆகஸ்டு 6ஆம் தேதி தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, அரசு ஊழியர்க்கு வேலை நிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மிக உரிமையோ இல்லை என்றது. நாட்டின் உச்ச நீதி ஸ்தலத்துக்குப் பணிகிறோம். எனினும் தார்மிகம் என்பது தீர்ப்பால் மட்டும் முடிவாகும் விஷயமன்று என்பதை வணக்கத்துடன் தெரிவித்துக் கொள்கிறோம்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் துப்புரவுத் தொழிலாளர் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்தனர். இராயபுரம், திரு. வி. க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்ததை அவர்கள் எதிர்த்தனர். நடைபாதையைக் காலி செய்ய ஐக்கோர்ட்டு உத்தரவிட்டது. 13ஆம் தேதி நள்ளிரவில் போலீசார் அவர்களை அப்புறப்படுத்தினர். 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தில் பணிபுரிந்த பெரியாரின் பெயரைத் தாங்கிய மண்டலத்திலிருந்து அவர்கள் வந்தனர் என்பதை எண்ணினால் நெஞ்சு வருந்துகிறது. அதே வருஷம் நவம்பர் 21ஆம் தேதி புதிய தொழிற் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. அதுவரை பொதுப்பயன் தொழில்களுக்கே உரியதாயிருந்த முன்னறிவிப்பு விதி இப்போது எல்லாத் தொழில் ஸ்தாபனங்களுக்கும் பரவிற்று; பதினான்கு நாள் நோட்டீஸ் வேண்டும். பாதிப்பேர் ஒரே நாளில் சேர்ந்து லீவு எடுத்தால் அதுவும் வேலை நிறுத்தமே. வேலை நிறுத்தத்திற்கு முன் தொழிலாளி செய்ய வேண்டியவை இவ்வளவு விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. அது முடிந்த பின் முதலாளியும் சர்க்காரும் எவ்வாறு நடக்க வேண்டும் என்பதற்கு இதே அளவு அக்கறை எங்கே காட்டப்பட்டிருக்கிறது?

ஆகவே மூன்று காரியங்களை வற்புறுத்துகிறோம். முதலாவது, வேலை நிறுத்தத்தில் சேர்ந்ததற்காக எவரையும் விசாரணையின்றி நீக்கலாகாது என்று சட்டமே கூறவேண்டும். பலாத்காரக் குற்றச்சாட்டு இருந்தால் சுயேச்சையான நீதிபதி ஒருவர் குறித்த காலத்திற்குள் விசாரித்து முடிவு செய்யவேண்டும். இரண்டாவது, இறுதித் தீர்ப்பு வரும்வரை ஊழியர் குடியிருக்கும் வீட்டைத் தொடலாகாது. குற்றம் செய்ததாகச் சொல்லப்படுபவன் ஒருவன். தெருவில் நிற்பது அவன் தாயும் குழந்தையும். மூன்றாவது, தினக்கூலிக்கும் காண்டிராக்ட் தொழிலாளிக்கும் பதிவேடு இருக்கவேண்டும். வேலை நிறுத்தத்துக்கு முந்திய நாள் அதில் பெயர் உள்ளவன், அது முடிந்த மறுநாளும் வேலைக்கு உரியவன் என்று கொள்ளவேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1974இல் இன்ஜின் ஓட்டுவோர் கேட்டது எட்டு மணி நேரம். ஐம்பதாண்டு கழித்து, 2024 ஜூனிலும், தென்னக ரெயில்வேயின் லோகோ பைலட்டுகள் வார ஓய்வுக்காகக் கிளர்ச்சி செய்ய நேர்ந்தது. வேலை எளிதன்று என்பதை அறிவோம். ஆயினும் வேலை நிறுத்தத்தைத் தொடங்குவதற்கு வேண்டிய துணிவைக் காட்டிலும், அதை முடிக்கும் விதத்துக்கு வேண்டிய பொறுப்புப் பெரிது. வாபஸ் வாங்கும் காகிதத்தில் முதல் வரி, யாவரினும் கடையனாய் நிற்பவனைப் பற்றியதாக இருக்கவேண்டும். அவன் சந்தா கொடாதவனாயிருக்கலாம். சங்கத்தில் அவன் பெயர் இல்லாதிருக்கலாம். உங்கள் சொல்லை நம்பி வேலையை நிறுத்தியவன் அவன். அவனை வெளியே விட்டு உள்ளே நுழைந்த வாயில், அடுத்த முறை உங்களுக்கும் அடைபடும்.

தாம்பரத்திற்கும் கடற்கரைக்குமிடையே 1931 முதல் மின்சார வண்டி ஓடுகிறது. அன்னிய கம்பெனி போயிற்று, ரெயில்வே தேசத்தின் உடைமையாயிற்று, தண்டவாளங்களும் அகன்றன. அவ்வண்டியில் ஏறிச் செல்லும் அன்பர்கள், அதைக் கழுவி வைத்தவளுக்கு நாளைக்கும் வேலை உண்டா என்று ஒருநாளேனும் கேட்பார்களாக. உரிமை கேட்டுத் தோற்றவனைப் பகைவனாகப் பாராமல் குடிமகனாகப் பார்க்கும் சர்க்காரே ஜனங்களின் சர்க்கார். இருபது நாள் வேலை நிறுத்தம் 1974இல் முடிந்தது. அதன் மறுநாளுக்குரிய நீதி இன்னும் சட்டப் புத்தகத்தில் ஏறவில்லை. அதை ஏற்றும்வரை ஓயாது கேட்பது தொழிலாளருக்கும், தேசபக்தி உடையார் யாவருக்கும் கடமையாகும்.